சிவப்புப் பட்டனுக்கு மன்னிப்புக் கிடையாது

என்னோடு கூடப் பிறந்த ஒரே பாவத்துக்காக இந்தக் கடிதத்தைக் கடைசிவரை படிக்கப்போகும் அருமைத் தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். சமையலறைக் குழாயும் சுகம், சொட்டுவதை நிறுத்திவிட்டது. அங்கே நீயும் என் தம்பி பெண்டாட்டியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்படி இல்லையென்றால் அதற்குக் காரணம் நான்தான் என்று நீ போனில் அனுப்பிய குரல் செய்தியிலிருந்து தெரிந்துகொண்டேன். பதிலைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் கூப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு தடவை மணி அடித்ததும் கட்டாகிவிடுகிறது. நீதான் சிவப்பை அழுத்துகிறாய் என்று எனக்குத் தெரியாதா? நீ தாராளமாக அழுத்தலாம். உன்னை யாரும் அதற்காகப் பெட்டிமேல் ஏற்றி நிற்கவைக்கப் போவதில்லை. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். காகிதத்தில் கட் பண்ணுகிற பட்டன் கிடையாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

உன் குரல் செய்தியை நானும் உன் அத்தானும் சாப்பிட்டுக்கொண்டே கேட்டோம். அத்தான் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கேட்டார் என்றால் பார்த்துக்கொள். "அக்கா, நீ பெரியவ, நீதான் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகணும்" என்று நீ ஆரம்பித்தது நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் ஒரு இடைவெளி. பின்னாலிருந்து, கதவுக்குப் பின்னால் எலி பேசுவதுபோல ஒரு குரல், "பெட்டி மேல ஏறச் சொல்லுங்க" என்கிறது. உடனே நீ, "ஆங், பெட்டி மேல ஏறிடுக்கா" என்கிறாய். மறுபடி ஒரு இடைவெளி. "அண்ணன் பாவம்னு சொல்லுங்க." "ஆங், மச்சான் பாவம்கா." அத்தான் என்னைப் பார்த்து, "உன் தம்பி பேசுறானா, வாந்தி எடுக்கிறானா?" என்று கேட்டார். நான் அவரை அதட்டினேன். என் தம்பியைக் கேலி செய்ய எனக்கு மட்டும்தான் உரிமை. உன் பெண்டாட்டியிடம் சொல், அடுத்த தடவை அவளே நேராகப் பேசட்டும், நடுவில் நீ எதற்குக் குழாய் மாதிரி.

நீ பாதிக் கதையைக் கேட்டுவிட்டு முழு அறிவுரை சொல்லியிருக்கிறாய். அந்தப் பாதியும் உன் மச்சான் தன் தங்கைக்குச் சொன்ன பாதி. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நீதான் அங்கே மேற்பார்வையாளராக இருக்கிற உன் மச்சானிடம் சொல்லி எனக்கு இந்த மெத்தைக் கம்பெனி வேலையை வாங்கிக் கொடுத்தாய், அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் நான் அங்கே என்ன செய்கிறேன் என்று இதுவரை நீ கேட்டதில்லை. மெத்தையைத் தைத்து முடித்ததும் ஒரு நீளமான பெல்ட்டில் வைப்பார்கள். பெல்ட் மெதுவாக, ஊர்வலம் போவதுபோல நகரும். அதன் கடைசியில் அமுக்கி என்று ஒரு இயந்திரம். ஆள் கனமுள்ள இரண்டு உருளை, ஒன்றின்மேல் ஒன்று. ஒரு படி உயரத்துக்கு இருக்கிற மெத்தை அதற்குள் போனால் போர்வை மாதிரி ஒட்டிப்போய் அந்தப் பக்கம் வந்து, அப்படியே சுருண்டு, பைக்குள் போய்விடும். அமுக்கியின் வாய்க்குப் பக்கத்தில் நிற்பவள் நான். மேலேயிருந்து இறங்கும் பிளாஸ்டிக் உறையை இழுத்துவிட வேண்டும், மெத்தையில் எங்கேயாவது பஞ்சு மேடு தட்டியிருந்தால் உள்ளங்கையால் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டிச் சமமாக்க வேண்டும். இதுதான் என் வேலை. உன்னைச் சின்ன வயதில் தூங்கவைத்த அதே கைதான், அதே தட்டுதான், இப்போது சம்பளம் கொடுக்கிறார்கள்.

இப்போது பட்டனுக்கு வருகிறேன். பெல்ட்டுக்கு இரண்டு பட்டன். அந்தக் கோடியில் பச்சை, இந்தக் கோடியில் என் இடுப்புக்குப் பக்கத்தில் சிவப்பு. பச்சையை அழுத்துவதற்கென்றே ஒருத்தர் இருக்கிறார், அவரைப் பச்சைக்காரர் என்போம். நல்ல மனிதர். தன் விரலால்தான் உலகமே ஓடுகிறது என்று நினைப்பவர். பச்சையை யார் அழுத்தினாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. சிவப்பு அப்படியில்லை. காளான் மாதிரித் தடியாக, உப்பி, பார்த்தாலே கையை வைக்கத் தோன்றும். அழுத்தினால் பெல்ட், அமுக்கி, தையல் வரிசை எல்லாமே நின்றுவிடும், சங்கு ஊதும். திரும்ப ஓட்ட ஆபீஸிலிருந்து சாவி வர வேண்டும், அமுக்கி சூடாக வேண்டும், அதுவரை லாரிக்காரர் வாசலில் நின்று ஹாரன் அடிப்பார். அதனால் சிவப்பு என்றாலே எல்லாருக்கும் எரிச்சல். முன்பு யாருடைய முழங்கையோ பட்டு அடிக்கடி நின்றதாம். அதற்காக ஒரு பிளாஸ்டிக் டம்ளரை அதன்மேல் கவிழ்த்து டேப் போட்டுச் சுற்றிவிட்டார்கள். பக்கத்தில் ஒரு பலகை: "அவசரத்தில் மட்டும் அழுத்தவும்." அதற்குக் கீழே புது மேனேஜர் வந்து ஒரு வரி சேர்த்தார்: "மேற்பார்வையாளரின் அனுமதி பெற்று அழுத்தவும்." அவசரம் வரும், நாம் போய் மேற்பார்வையாளரைத் தேடிப் பிடித்து, ஐயா ஒரு அவசரம், அனுமதி கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு வரும்வரை அது ஓரமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.

நான் பட்டனைப் பற்றி நிறைய யோசித்துவிட்டேன் தம்பி. நிற்கிற வேலை, யோசிக்க நேரம் உண்டு. உலகத்தில் உள்ள பட்டன் பாதி சும்மா. ரோடு கடக்கிற இடத்தில் கம்பத்தில் ஒன்று வைத்திருக்கிறார்களே, அதை அழுத்தினால் "காத்திருக்கவும்" என்று விளக்கு எரிகிறது. அழுத்துவதற்கு முன்னாடியும் காத்துக்கொண்டுதானே இருந்தோம்? உன் அடுக்குமாடி லிஃப்டில் கதவை மூடுகிற பட்டனை நீ அழுத்துவதைப் பார்த்திருக்கிறேன், எறும்பை நசுக்குகிற மாதிரி அழுத்திக்கொண்டே இருப்பாய். கதவு தனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போதுதான் மூடுகிறது. நீ உடனே, பார்த்தாயா மூடிவிட்டது என்று என்னைப் பார்க்கிறாய். உன் பெண்டாட்டியின் துணி துவைக்கும் இயந்திரத்தில் ஒரு வரிசை நிறையப் பட்டன் இருக்கிறது, அவள் என்றைக்கும் ஒன்றே ஒன்றைத்தான் அழுத்துகிறாள், மற்றதெல்லாம் விருந்தாளிகளுக்குக் காட்ட. உன் அத்தான் ஓட்டுகிற பஸ்ஸில் இறங்குகிறவர்கள் அழுத்த ஒரு மணிப் பட்டன் உண்டு. அவர் சொல்வார், "மணி அடிச்சா நிறுத்துவேன். ஏன் அடிச்சீங்கன்னு இறங்குறவங்கள ஒரு நாளும் கேட்டதில்ல." அவர் வாயிலிருந்து ஒரு மாதத்துக்கு ஒரு நல்ல வார்த்தை வரும், இந்த மாதத்து வார்த்தை இது. அந்தப் பஸ் மணியை விட்டால், நான் கண்ட அத்தனை பட்டனிலும் அழுத்தினால் சொன்னதைச் செய்கிற பட்டன் அந்தச் சிவப்பு ஒன்றுதான். அதைத்தான் டம்ளர் போட்டு மூடி வைத்திருந்தார்கள்.

சரி, அன்றைக்கு நடந்தது. உன் மச்சானுக்குக் கம்பெனியில் என்ன பெயர் தெரியுமா? கொட்டாவி. நான் வைத்ததில்லை, வைத்திருந்தால் இதைவிட நன்றாக வைத்திருப்பேன். மனிதர் கெட்டவர் இல்லை. யாரையும் திட்ட மாட்டார், திட்டுவதற்கு முழித்திருக்க வேண்டுமே. சாப்பாட்டு நேரத்தில் பெல்ட் நிற்கும். அப்போது அந்தக் கோடியில், அடுக்கி வைத்த மெத்தைகளுக்குப் பின்னால், பெல்ட்டின்மேல் இருக்கிற மெத்தையில் ஏறிப் படுத்து, ஈ மொய்க்காமல் இருக்க ஒரு வெள்ளைத் துணியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு தூக்கம் போடுவார். எல்லாருக்கும் தெரியும், பச்சைக்காரருக்கும் மேனேஜருக்கும் தவிர. "பணி நேரத்தில் உறங்குவோர் அன்றே விலக்கப்படுவர்" என்று மேனேஜர் சுவரில் எழுதிப் போட்டிருக்கிறார். மெத்தை செய்கிற இடத்தில்! சாப்பாட்டு நேரம் முடியும்போது மணி அடிக்கும், உன் மச்சான் எழுந்துவிடுவார், ஒருவருக்கும் வம்பில்லை. அன்றைக்கு வாசல் காவல்காரர் மணிப் பட்டனை அழுத்தினார், மணி அடிக்கவில்லை. அவர் திரும்பவும் அழுத்தினார், திரும்பவும் இல்லை. அவர் என்னவோ தன் கடமையை முடித்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். பச்சைக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நேரமாகிவிட்டது. பச்சையை அழுத்தினார்.

ஊர்வலம் கிளம்பியது. முதல் மெத்தை வந்தது, உறையை இழுத்துவிட்டேன், போனது. அடுத்த மெத்தை வந்தது. அதில் நடுவில் நல்ல மேடு. தையல்காரிகள் சாப்பாட்டு அவசரத்தில் ஏனோதானோவென்று திணித்திருக்கிறார்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். அமுங்கவில்லை. இன்னொன்று தட்டினேன். மெத்தை, "இன்னும் அஞ்சு நிமிஷம்மா" என்றது.

தம்பி, நான் பயந்துவிட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு நொடி மெத்தைதான் பேசுகிறது என்று நினைத்தேன். துணியை இழுத்தால் உன் மச்சான், வாயைத் திறந்துகொண்டு, உன் கல்யாண போட்டோவில் இருக்கிற அதே முகம். கால் முன்னாடி, தலை பின்னாடி. "எந்திரிங்க! எந்திரிங்க!" என்று கத்தினேன். மனிதர் புரண்டு படுக்கிறார்! ஒரு கால் நீண்டு உருளைக்கிட்டே போகிறது. எனக்குப் பக்கத்தில் பைக்கு டேப் ஒட்டுகிறவள், டேப்புக்காரி என்று கூப்பிடுவோம், அவள் உன் மச்சானின் கையைப் பிடித்து இழுக்கிறாள், கை வருகிறது, ஆள் வரவில்லை. நான் சிவப்புக்குப் பாய்ந்தேன். டம்ளர். நகத்தால் டேப்பைப் பிய்க்கிறேன், பொங்கலுக்கு வெள்ளை அடித்த மாதிரி சுற்று மேல் சுற்று போட்டிருக்கிறார்கள், வரவே இல்லை. அந்த நேரம் பார்த்து அமுக்கி அவருடைய காலுறையின் நுனியைப் பிடித்துவிட்டது. நான் யாருடைய அனுமதியைக் கேட்பது? பலகையில் எழுதியிருக்கிற மேற்பார்வையாளர் உள்ளே போய்க்கொண்டிருக்கிறார். முஷ்டியை மடக்கி டம்ளர்மேல் ஒரு குத்து விட்டேன். டம்ளர் நொறுங்கி, பட்டன் உள்ளே போய், சங்கு ஊதி, எல்லாம் நின்றது. உருளைக்கும் உன் மச்சான் கட்டைவிரலுக்கும் நடுவில் ஒரு காலுறைதான் இருந்தது. மெத்தைப் பையில் அச்சடித்திருக்கிறார்கள், பிரித்துக் காற்றாட விட்டால் பழைய உருவத்துக்கு வந்துவிடும் என்று. அது மெத்தைக்கு. மச்சானுக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு நெஞ்சில் குத்திய இடம். சங்குச் சத்தம் கேட்டு மேனேஜர் மாடியிலிருந்து இறங்கி ஓடிவருகிறார். அவர் வருவதற்குள் உன் மச்சான் எழுந்து, பெல்ட்டிலிருந்து குதித்து, கணக்கு எழுதுகிற அட்டையையும் பேனாவையும் எங்கிருந்தோ கையில் எடுத்து, ஒரு காலில் காலுறையோடு, ஒரு காலில் இல்லாமல், நிமிர்ந்து நிற்கிறார். என்னைப் பார்த்து அவர் பேசிய முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"யாரும்மா லைன நிறுத்துனது?"

டேப்புக்காரி சிரிக்க ஆரம்பித்தாள், சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதற்கும் சிரிக்கிற எனக்கே! "நான்தான்" என்றேன்.

"எதுக்கு நிறுத்துனீங்க?" என்று மேனேஜர் கேட்டார்.

நான் உன் மச்சானைப் பார்த்தேன். நீங்களே சொல்லுங்கள் என்று பார்த்தேன். அவர் அட்டையைப் பார்த்தார். அட்டையில் என்ன இருந்ததோ, அப்படிப் பார்த்தார். "காரணம் தெரியல சார்" என்றார். நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். ஆனால் சொன்னால் சுவரில் எழுதியிருக்கிறபடி அன்றைக்கே அவர் வீட்டுக்கு. அவர் வாயால் வர வேண்டியதை என் வாயால் சொல்ல எனக்கு இஷ்டமில்லை. வாயை மூடிக்கொண்டேன். என் வாய் மூடி நீ பார்த்ததில்லை, அன்றைக்கு வந்திருந்தால் பார்த்திருப்பாய். மேனேஜர் நொறுங்கிக் கிடந்த டம்ளரைப் பார்த்தார், பாதி நசுங்கிய மெத்தையைப் பார்த்தார், "திங்கட்கிழமை பெட்டி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பெட்டி என்றால் உனக்குப் புரிந்திருக்காது. நூல்கண்டு வருகிற மரப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். வாரம் ஆரம்பிக்கும்போது எல்லாரும் வரிசையாக நிற்க, போன வாரம் தப்புச் செய்தவர் அதன்மேல் ஏறி, என்ன செய்தேன் என்று சொல்லி, "இனிமேல் நடக்காது" என்று முடிக்க வேண்டும். நாங்கள் எல்லாரும் சேர்ந்து "பரவாயில்லை" என்று சொல்ல வேண்டும். மேனேஜர் எங்கேயோ பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தது. ஏற மறுத்தால் வேலை இல்லை. ஊசி உடைத்தவள் ஏறியிருக்கிறாள், பைகளை மாற்றி ஒட்டிய டேப்புக்காரி ஏறியிருக்கிறாள், ஏறி இறங்கும்போது எனக்குக் கண்ணடித்தாள். எனக்கு ஏறுவதில் ஒரு வெட்கமும் இல்லை தம்பி. நான் தப்புச் செய்திருந்தால் பெட்டியை வீட்டுக்கே எடுத்துவந்து அத்தான் முன்னாலும் ஒரு தடவை ஏறியிருப்பேன்.

சனிக்கிழமை சாயங்காலம் உன் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார், அதை அவர் தங்கைக்குச் சொல்லியிருக்க மாட்டார். ஒரு பை ஆரஞ்சுப் பழம். நாற்காலியின் நுனியில், எப்போது வேண்டுமானாலும் பெல்ட் கிளம்பிவிடும் என்பதுபோல உட்கார்ந்தார். கம்பெனியில் நான் அவருக்கு "ஏம்மா", வீட்டில் "அக்கா".

"அக்கா, திங்கட்கிழமை ஏறிடுங்கக்கா. ரெண்டே வார்த்தை."

"என்னன்னு சொல்லட்டும்? மன்னிச்சிடுங்க, சூப்பர்வைசர் சார் உள்ள போயிட்டிருந்தாரு, கவனக்குறைவா காப்பாத்திட்டேன், இனிமேல் நடக்காது, அடுத்த தடவை பை போட்டு டேப் ஒட்டி அனுப்பிடுறேன்னு சொல்லவா?"

"கேலி பண்ணாதீங்கக்கா. உண்மையச் சொன்னா எனக்கு வேலை போயிடும்."

"சொல்லாட்டி எனக்குப் போகும்."

"ஏறிட்டீங்கன்னா உங்களுக்குப் போகாது. ரெண்டு பேருக்கும் போகாது. யோசிச்சுப் பாருங்க."

கணக்குச் சரிதான். நானும் யோசித்துப் பார்த்தேன். ஆனால் கணக்கு முடிகிற இடத்தில் நான் ஒரு பெட்டிமேல் நின்று, உயிரைப் பிடித்து நிறுத்தியதற்காக எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாளைக்கு என் இடத்தில் வேறொருத்தி நிற்பாள். அமுக்கிக்கிட்டே யாருடைய புடவையோ கையோ போகும். அவள் பட்டனைப் பார்ப்பாள், அப்புறம் பெட்டியை நினைப்பாள். அந்த ஒரு நொடி யோசனைக்கு யார் பதில் சொல்வது? இதை உன் மச்சானிடமும் சொன்னேன், அவ்வளவு அழகாகச் சொல்லவில்லை, இடையில் இரண்டு திட்டும் கலந்திருந்தது.

"உங்க வேலை போகணும்னு எனக்கு ஆசை இல்ல சாமி. நீங்க போய் மேனேஜர்கிட்ட மாட்டிக்கணும்னும் நான் சொல்லல. நான் எதுக்கு அழுத்தினேன்னு உங்களுக்குத் தெரியும்ல? அதை என்கிட்டயாவது சொல்ல ஒரு தடவை வாயைத் திறங்க. அவ்வளவுதான்" என்றேன்.

திறந்தார். கொட்டாவி விட்டார். பயத்தில் வந்ததாம். அத்தான் எழுந்துபோய் அவருக்கு ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தார், வேறு என்ன செய்வது?

ஆகவே தம்பி, உனக்கு நான் சொல்வது இதுதான், பின்னால் நிற்பவளும் கேட்டுக்கொள்ளட்டும். "இறங்கிப் போறதுல என்னக்கா குறைஞ்சிடும்" என்கிறாய். இறங்கிப் போகச் சொல்கிறாயா, ஏறச் சொல்கிறாயா, முதலில் முடிவு செய். குடும்பம் உடைந்துவிடும் என்கிறாய். ஒரு பெட்டியில் ஏறாததால் உடைகிற குடும்பம் எந்தக் கடையில் வாங்கியது? நாத்தனார் என்றால் வம்புக்காரி என்று உன் பெண்டாட்டி தன் சொந்தக்காரர்களிடம் சொல்லி வருகிறாளாம். சொல்லட்டும். அவளுடைய அண்ணனுக்கு இரண்டு காலும் பத்து விரலும் இருப்பதற்கு அந்த வம்புக்காரிதான் காரணம் என்று ஒரு நாள் அவளே தெரிந்துகொள்வாள், அதுவரை நானும் நிம்மதியாக வம்பு செய்துகொண்டிருப்பேன். நாளைக்குத் திங்கட்கிழமை. நான் போவேன். வரிசையில் நிற்பேன். பெட்டியில் ஏற மாட்டேன். மேனேஜர் தலைகீழாக நின்றாலும் ஏற மாட்டேன், நீ வந்து காலைப் பிடித்தாலும் ஏற மாட்டேன். ஏறவே மாட்டேன், ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன். வேலை போனால் போகட்டும், அத்தான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து ஊரைச் சுற்றிப் பார்ப்பேன், இறங்குகிற இடம் வந்தால் பட்டனை அழுத்துவேன், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பிள்ளைகளுக்கு என் முத்தம். பெரியவளை நன்றாகப் படிக்கச் சொல், சின்னவளை அவள் இஷ்டப்படி விடு, அவள் என்னை மாதிரி. உன் பெண்டாட்டிக்கு என் அன்பு, நிஜமாகவே. அவள் செய்து அனுப்பிய ஊறுகாய் தீர்ந்துவிட்டது, சண்டை முடிந்ததும் மறுபடி அனுப்பச் சொல். நீ நீண்ட ஆயுளோடு, நல்ல உடம்போடு, கொஞ்சம் முதுகெலும்போடும் வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் பிடிவாதக்கார அக்கா.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிவிட்டு, காலையில் போகிற வழியில் தபாலில் போடலாம் என்று பையில் வைத்திருந்தேன். மறந்துவிட்டேன். நல்லதாகப் போயிற்று. இப்போது திங்கட்கிழமை, சாப்பாட்டு நேரம், உறையைப் பிரித்து, மெத்தை அடுக்கின்மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். மேலே எழுதியதை எல்லாம் ஒரு கோடு போட்டு அடித்துவிடு. ஏறிவிட்டேன். பொய்யும் சொல்லிவிட்டேன்.

கேள். வரிசை நின்றது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "ஏறுங்கம்மா" என்றார். "மாட்டேன் சார்" என்றேன். "அப்ப கிளம்புங்க" என்றார். நான் பையை எடுக்கக் குனிந்தேன், தம்பி, சத்தியமாகக் குனிந்தேன். அப்போது உன் மச்சான் வரிசைக்கு முன்னால் வந்து, யாரும் சொல்லாமல், தானாகப் பெட்டிமேல் ஏறினார். பெட்டி தரையில் தடதடவென்று ஆடியது. "சார், அன்னைக்கு அந்த அம்மா லைன நிறுத்தினதுக்குக் காரணம்..." என்று ஆரம்பித்தார். காது இரண்டும் சிவந்துவிட்டது. அட்டையும் கையில் இல்லை, பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லாமல் நேராக என்னைப் பார்த்தார். "காரணம், நான்..."

அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அவர் வாயைத் திறந்துவிட்டார், உள்ளே இருந்தது வெளியே வரப்போகிறது, இன்னொரு வார்த்தை வந்தால் அவருக்கு வேலை இல்லை. யோசிக்க நேரமில்லை. நான் ஓடிப்போய் அவரைக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு நானே ஏறி, "என் முழங்கை பட்டிருச்சு சார்! சூப்பர்வைசர் எனக்காகப் பரிஞ்சு பேச வந்தாரு, நல்ல மனுஷன், அவர் ஒண்ணும் சொல்ல வேண்டாம்!" என்று கத்தினேன். மேனேஜர் டம்ளரைப் பற்றிக் கேட்டார். "அதுவும் முழங்கைதான் சார்" என்றேன். டேப்புக்காரி வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள்.

முடிக்கிற வார்த்தை பாக்கி இருந்தது. மேனேஜர் காத்திருந்தார். பெட்டிமேல் நின்றால் அந்தக் கோடிவரை எல்லார் முகமும் தெரிகிறது தம்பி. பச்சைக்காரர் முகம்கூட. "இனிமேலும் நடக்கும் சார். என் முழங்கை அப்படி" என்றேன். மேனேஜர் வாய் திறப்பதற்குள் கூடம் முழுக்க "பரவாயில்லை" என்று கத்தியது. உன் மச்சான் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது.

இப்போது என் பக்கத்துச் சிவப்புமேல் டம்ளர் இல்லை. உடைந்துபோனதற்குப் பதில் புதிது வைக்க சூப்பர்வைசருக்கு ஞாபகம் வரவில்லையாம்.

உன் பெண்டாட்டியிடம் உண்மையைச் சொல்லாதே, அவள் சொன்னால் அவள் அண்ணன் வேலைக்கு ஆபத்து. நாத்தனார் வழிக்கு வந்துவிட்டாள், பெட்டியில் ஏறி மன்னிப்புக் கேட்டுவிட்டாள் என்றே சொல். பாவம், சந்தோஷப்படட்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்தான். அன்றைக்கு நான் நேரில் வருகிறேன்.